மடிப்பில் நின்ற ஊசி

அந்தக் கறுப்பு உடையைப் போட்டுவிட மாட்டேன் என்று நான் சொன்னது வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. பன்னிரண்டு வருடமாக, தினம் நாலு முறை, விருந்து நாட்களில் ஆறு முறை, தியோடோரா சீமாட்டிக்கு உடை மாற்றிவிட்ட கை இது. அன்றைக்கு அசையவில்லை.

கீழே வரவேற்பறையில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சீமாட்டியின் மாமனார் ஏவர்லி பிரபு திங்கட்கிழமை காலையில் காலமாகி, நூலக அறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். மறுநாள் அடக்கம்.

"டாரன்ட், மணி ஆகுது. என்ன நிக்கிற?" சீமாட்டி என்னைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்.

"நான் போட்டுவிட மாட்டேன், அம்மா."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திரும்பக்கூட இல்லை. "என்னது?"

"இது என் தங்கச்சி லெட்டி தைச்சது. தைச்சுக்கிட்டே செத்துப்போனா. இன்னைக்கு விடியக்காலைல."

சீமாட்டி கெட்டவர் இல்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். டியூக் ஒருவரின் மகள். பத்தொன்பது வயதில் அவருடைய புகைப்படம் கடைக் கண்ணாடிகளில் தொங்கியது. ஒரு வருடம் குதிரைப் பந்தயத்துக்கு ஊதா நிறக் கையுறை போட்டுக்கொண்டு போனார்; அடுத்த வாரம் லண்டன் முழுவதும் ஊதாக் கையுறை தீர்ந்துபோனது. வருடத்துக்கு ஒருமுறை அனாதைக் குழந்தைகளுக்கான சந்தையில் நின்று சாக்லேட் விற்பார். கனவான்கள் அவர் கையிலிருந்து வாங்க வரிசையில் நிற்பார்கள். வேலைக்காரிக்குப் பல்வலி என்றால் தன்னுடைய பல் வைத்தியரிடமே அனுப்புவார். கண்ணெதிரே இருக்கும் வலி அவருக்குத் தெரியும். கண்ணெதிரே வராத வலியைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை காலை உணவு மேசையிலேயே செய்தி வந்தது. அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காகிதம் கேட்டார். இந்த வீடுகளில் சாவு விழுந்தால் பெண்களுக்கு முதல் வேலை அதுதான், கறுப்புக்குச் சொல்லியனுப்புவது.

"ரீஜன்ட் தெருவுல துக்க உடைக் கடை இருக்கே, அம்மா" என்றேன். "தைச்சது தயாரா இருக்கும். இடுப்பை மட்டும் பிடிச்சாப் போதும்."

"கடையில தொங்குற துணியைப் போட்டுக்கிட்டு மாமனார் பெட்டிக்குப் பின்னாடி நடக்கச் சொல்றியா? ஆகஸ்டா அத்தை என் தோளைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவா."

எழுதினார். மூன்று உடை. துக்கத்துக்கென்றே நெய்யும் கிரேப் துணி வைத்தது. வியாழன் நண்பகலுக்குள். எப்படியாவது. அந்தக் கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

மேடம் ஒடெட்டின் தையல் கடைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். மேடத்தின் பிரெஞ்சு எல்லாம் பெயர்ப் பலகையோடு சரி; பிறந்தது டெப்ட்ஃபர்டில், மீன் கடைக்கு மேலே. அங்கே லெட்டியைச் சேர்த்துவிட்டவளும் நான்தான். எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் லெட்டி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "எட்டு மணிக்கு ஜன்னல்ல கம்பளியைத் தொங்கவிடுவாங்க அக்கா. வெளிய இருந்து பார்த்தா நாங்க எல்லாரும் தூங்கியாச்சு." எல்லாம் தெரிந்துதான் அந்தக் காகிதத்தை நீட்டினேன். மாடியேறி அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். மழை வரும்போல இருந்தது. தொப்பி நனைந்துவிடும் என்று திரும்பிவிட்டேன்.

வியாழன் நண்பகல் உடைப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் அளவு பார்த்துப் பிடித்துக் கொடுக்கும் மிஸஸ் காஸ்லிங். ஐம்பது வயது, கண்டிப்பான மனுஷி. பின்கட்டு நடைவழியில் என்னைச் சுவரோடு நிறுத்திச் சொன்னார்.

"கறுப்பு மேல கறுப்பு, ஹெஸ்டர். கேஸ் விளக்குல கண்ணே தெரியாது. செவ்வாய் ராத்திரியும் உட்கார்ந்தோம். புதன் ராத்திரி எவளோ புகார் எழுதிப் போட்டு, சர்க்கார் இன்ஸ்பெக்டர் அம்மா வந்துட்டாங்க. மேடம் எங்க பன்னெண்டு பேரையும் உரோமக் கோட்டு வைக்கிற அறையில போட்டுப் பூட்டினா. ஜன்னல் இல்லாத அறைடி. அந்துருண்டை நெடி. கீழே அவ அந்த அம்மாவுக்கு ஒயின் ஊத்திக் கொடுத்துப் பேசிக்கிட்டே இருக்கா, ஒன்றரை மணி நேரம். வெளிய வந்தப்ப லெட்டிக்கு உதடு நீலமா இருந்துச்சு. நான் போய்ப் படுன்னேன். 'மடிப்பு மட்டும்தான் பாக்கி, சீமாட்டி எங்க அக்காவோட எஜமானியம்மா, முடிச்சிடுறேன்'னா."

அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதே கண்ணு. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை கொடுப்பா?"

இதைத்தான் சீமாட்டியிடம் சொன்னேன், உடை படுக்கையில் விரிந்து கிடக்க.

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ பாவம். என்ன வயசு?"

"பத்தொன்பது."

"வெள்ளை லில்லி அனுப்பச் சொல்றேன். உங்க அம்மாவுக்குச் சமையல்காரிகிட்ட சூப்பு செய்யச் சொல்லி..."

"எங்க அம்மாவுக்குப் பசிக்கலை."

"நீ கோபப்படறது நியாயம்தான், டாரன்ட். ஆனா கீழே இருபது பேர் காத்திருக்காங்க. நாற்பத்திரண்டு கொக்கி, எல்லாம் முதுகுப் பக்கம். நான் எப்படிப் போட்டுக்கிறது?"

"கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறொருத்தி போய்ப் போட்டுவிட்டாள்.

லாம்பெத்தில் எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே மேடம் ஒடெட் வந்து போயிருந்தாள். கறுப்புக் கரை வைத்த கைக்குட்டையோடு வந்தாளாம். உங்கள் பெண் புதன்கிழமை மாலை டான்ஸ் ஹாலுக்குப் போனாள், விடியும்போதுதான் திரும்பினாள், இதயம் பலவீனம், நான் எவ்வளவோ சொன்னேன் என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கள் சபையில் டான்ஸ் ஹால் என்ற பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்துவார்கள். எங்கள் அம்மா ஜெபப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் கையில் எடுக்காதவள். லெட்டியின் காலணியை மடியில் வைத்துக்கொண்டு, அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தேயவே இல்லையே ஹெஸ்டர். ஆடப் போனவளா இவ?"

"போகலைம்மா."

"போகலைன்னு நீ சொல்ற. அந்த அம்மா கடை வெச்சிருக்கவ, போனான்னு சொல்றா. ஊரு யாரை நம்பும்? பாதிரியாரு வந்தாரு. அடக்கத்தைச் சுருக்கமா முடிச்சுக்கலாம்னாரு."

மரண விசாரணை திங்கட்கிழமை என்று போலீஸ்காரர் வந்து சொன்னார். அன்று அங்கே என்ன எழுதப்படுகிறதோ அதுதான் இனி லெட்டி. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது: ஆடிச் செத்தவள் என்று அவள் பெயரை எழுதக் கூடாது.

சனிக்கிழமை என் பெட்டியை எடுத்துக்கொள்ள மேஃபேரில் சீமாட்டியின் வீட்டுக்குப் போனேன். சீமாட்டி கூப்பிட்டனுப்பினார். கறுப்பு உடை நாற்காலியில் கிடந்தது. அவர் வேறு கறுப்பில் இருந்தார், பழையது, சாயம் போட்டது. உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு கீறல்.

"நேத்து தேவாலயத்துல முழங்கால் போட்டு எழுந்தப்ப, மடிப்பை ஒதுக்கினேன். குத்திருச்சு. பாரு."

மடிப்பில் ஊசி நின்றது. நூல் அறுக்கப்படவில்லை. ஊசிக்கு இந்தப் பக்கம் கசகசா போலச் சின்னச் சின்னத் தையல். எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும் அந்தத் தையல். ஊசிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் நீளம் நீட்டு நீட்டான ஓட்டுத்தையல், விடிந்த பிறகு வேறு யாரோ அவசரத்தில் போட்டது.

"இதுவரைக்கும்தான் அவ" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். பிறகு, "எனக்குத் தெரியாது, டாரன்ட்" என்றார்.

"தெரியும். இந்த உடை ஒண்ணு தைக்க ஒன்பது நாள் ஆகும்னு தெரியும். நீங்க மூணு கேட்டீங்க, மூணு நாள்ல. எட்டு மணிக்கு விளக்கை அணைக்கிற கடையில அது எப்படி வரும்? தேவதை வந்து தைப்பாளா? உங்களுக்குத் தெரியும், ஆகஸ்டா அத்தைக்குத் தெரியும், எனக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

இந்த வீட்டில் அந்தக் குரலில் யாரும் பேசியதில்லை. மணியை அடித்து என்னை வெளியேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். டான்ஸ் ஹால் கதையைச் சொன்னேன். அவர் காது மடல் சிவந்தது.

"நான் எழுதின காகிதம்?"

"அடுப்புக்குப் போயிருக்கும்."

"அப்போ யார் சொல்லுவா?"

"நான் சொல்லுவேன். அக்கா சொல்றதை யாரு கேட்பா? மிஸஸ் காஸ்லிங் பயப்படுறாங்க. எழுதினவங்க வந்து சொன்னாத்தான் உண்டு."

அதற்குள் அவருடைய கணவர் உள்ளே வந்தார். ஹியூபர்ட், திங்கட்கிழமை முதல் அவர்தான் ஏவர்லி பிரபு. வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

"தியோ, அப்பாவைப் புதைச்சது நேத்து. ஒரு மாசத்துக்கு நீ வாசப்படி தாண்டக் கூடாது, இது நான் போட்ட சட்டம் இல்லை. விசாரணை எங்கே நடக்குது தெரியுமா? மதுக்கடை மாடியில. ஏவர்லி வீட்டு மருமக, துக்கத்துல, மதுக்கடை மாடியில."

"ஒரு பொண்ணு செத்திருக்கா, ஹியூ."

"வருஷத்துக்கு எத்தனையோ பேர் சாகறாங்க. நீ எல்லாருக்குமா போவ?" என்னைப் பார்த்தார். "இதெல்லாம் உன் வேலைதானே?"

"தங்கச்சி செத்ததா, பிரபு?"

அவர் சீமாட்டியிடமே பேசினார், தாழ்ந்த குரலில். "நீ போய் நின்னா நாளைக்கு ஒரு வீட்டுக் கதவும் நமக்குத் திறக்காது. உன் சிநேகிதிங்க எல்லாரும் அந்தக் கடையிலதான் தைக்கிறாங்க. நீ உன்னை மட்டும் சொல்லலை, அவங்க எல்லாரையும் சொல்ற. யோசிச்சுக்கோ."

சீமாட்டி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். இவர் வரமாட்டார் என்று படிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டேன்.

நீல நங்கூரம் என்ற மதுக்கடையின் மாடி அறை. பீர் வாடை. நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு ஜூரிகள், பெரும்பாலும் கடைக்காரர்கள். விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். எங்கள் அம்மா முன் வரிசையில், காலணியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடம் ஒடெட் நன்றாகப் பேசினாள். எட்டு மணிக்கு விளக்கு அணைந்ததாம். அவசர வேலை எதுவும் இல்லையாம். "சின்னப் பொண்ணுங்கய்யா. நான் என்ன அவங்களைக் கட்டியா வைக்க முடியும்?" ஜூரியில் ஒருவர் தலையாட்டினார். அவருக்கும் பெண்கள் இருந்திருக்கலாம்.

மிஸஸ் காஸ்லிங்கைக் கேட்டார்கள். புதன் இரவு வேலை நடந்ததா? அவர் தன் விரல்களைப் பார்த்தார். "எனக்கு... சரியா ஞாபகம் இல்லைங்க."

பிறகு நான். "நீங்க அந்த ராத்திரி அங்க இருந்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லை. ஆனா..."

"இல்லைன்னா உட்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை. "ஆடப் போனவ காலணியைப் பாருங்க" என்றேன். என் குரல் கூரையில் மோதியது. யாரோ சிரித்தார்கள். போலீஸ்காரர் என் தோளைத் தொட்டார்.

அப்போது கதவு திறந்தது.

சீமாட்டி உள்ளே வந்தார். கறுப்பில் இல்லை. அந்த வருடம் எல்லாச் சீமாட்டிகளும் பூங்காவில் சைக்கிள் விடப் பழகினார்கள். அதற்கென்று தைத்த பழுப்பு உடை. பொத்தான் முன்பக்கம். ஒரு பொத்தான் தப்பிப்போய், மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. வேலைக்காரி யாரையும் கூப்பிடாமல் கிளம்பியிருக்கிறார்; தலையைத் தானே வாரியிருக்கிறார், அதுவும் தெரிந்தது. அவர் அலமாரியில் தனியாகப் போட்டுக்கொள்ளக்கூடிய உடை அது ஒன்றுதான். இரண்டு கையாலும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தார். அவர் ஒரு பெட்டியைச் சுமந்து நான் பார்த்ததில்லை.

யார் என்று தெரிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் உடையைப் பார்த்தார்கள். பழைய பிரபுவின் அடக்கச் செய்தி சனிக்கிழமைப் பத்திரிகைகளில் வந்திருந்தது.

அதிகாரி தும்மிவிட்டுச் சொன்னார்: "சீமாட்டி, தாங்கள் துக்கத்துல இருக்கறதா..."

"துக்கம் இந்தப் பெட்டியில இருக்கு. சாட்சிக்காகக் கொண்டுவந்திருக்கேன். சாட்சியையே போட்டுக்கிட்டு வர முடியாது."

மேசைமேல் விரித்தார். "திங்கட்கிழமை காலையில நான் என் கையால எழுதினேன். மூணு உடை, வியாழன் நண்பகலுக்குள், எப்படியாவதுன்னு. மேடம் ஒடெட்டுக்கு."

"அப்படி எதுவும் எனக்கு வரலை" என்றாள் மேடம்.

"அப்படின்னா வியாழக்கிழமை என் வீட்டுக்கு இது எப்படி வந்தது? உன் பெயர் கழுத்துல தைச்சிருக்கு." மேடத்தைப் பார்க்காமலே ஜூரிகளிடம் மடிப்பை நீட்டினார். "இதோ, இது அந்தப் பொண்ணு தையல். இது ஊசி. இங்கே நின்னுபோச்சு. இதுக்கு அப்புறம் வேற கை. எட்டு மணிக்கு விளக்கை அணைச்சிட்டு வீட்டுக்குப் போறவ ஊசியைக் குத்தினபடி விட்டுட்டுப் போகமாட்டா. உங்கள்ல துணிக்கடைக்காரர் யாராவது இருந்தா பார்த்துச் சொல்லுங்க."

ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உண்மைதாங்க" என்றார்.

"தாங்கள் இதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை" என்றார் அதிகாரி. "தங்களுக்கே..."

"இருக்கு. மூணு நாள்ல வேணும்னு கேட்டது நான். ராத்திரி தைக்காம அது வராதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீடுகள்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கறதுக்கு எங்களைச் சின்ன வயசுலேயே பழக்கிடறாங்க. இதை எழுதிக்கோங்க."

அவர் குரல் நடுங்கியது அழுகையால் இல்லை. எனக்கு அந்தக் குரலைத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் கோபப்பட எதுவும் நேர்ந்ததில்லை.

மிஸஸ் காஸ்லிங் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. "எனக்கு ஞாபகம் வந்துருச்சுங்க" என்றார். உரோமக் கோட்டு அறை, பூட்டு, அந்துருண்டை, ஒன்றரை மணி நேரம், நீல உதடு, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் மேடம், "காஸ்லிங், உனக்கு நாளையிலிருந்து வேலை இல்லை" என்றாள். "இன்னைலேருந்தே வேணாம்" என்றுவிட்டு மேலே சொன்னார்.

இதயம் நின்று மரணம். நெடுநேர வேலையும் காற்றில்லாத அறையில் அடைத்துவைத்ததும் அதை விரைவுபடுத்தின. ஜூரிகள் அப்படித்தான் எழுதினார்கள். கொலை என்று எழுதவில்லை. நான் அதற்கும் ஆத்திரப்பட்டேன். மேடத்துக்கு விலங்கு மாட்டவில்லை; பிறகு வழக்கு நடந்து அபராதத்தோடு விட்டார்கள்.

எங்கள் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. என் சட்டைக் கையை இழுத்தாள். "என்ன சொல்லிட்டாங்க? ஆடப் போனான்னா?"

"போகலைன்னு சொல்லிட்டாங்கம்மா. வேலை பார்த்தான்னு சொல்லிட்டாங்க."

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

அம்மா காலணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். சீமாட்டி கிட்டே வந்து கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. சீமாட்டியும் கையை உடனே எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பிரபு சொன்னபடியே நடந்தது. அழைப்பு அட்டைகள் நின்றன. பூங்காவில் ஆகஸ்டா அத்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். மாமனார் சாவுக்குச் சைக்கிள் உடை போட்டவள் என்று பேர் வந்தது. பெண் செத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. கிராமத்து மாளிகைக்குப் போய் ஒரு வருடம் இரு என்றார் கணவர். இவர் போகவில்லை.

ஐந்து வாரம் கழித்து லாம்பெத்துக்கு வந்தார், நடந்து. வாசலிலேயே நின்றார்.

"உன்னை வேலைக்குக் கூப்பிட வரலை. எந்தெந்தக் கடையில ஜன்னலுக்குக் கம்பளி மாட்டறாங்கன்னு உனக்குத் தெரியும். எந்தெந்த வீட்டுலேருந்து காகிதம் போகுதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்து எழுதணும். இன்ஸ்பெக்டர் அம்மாகிட்ட கொடுக்கணும்."

"உங்க சிநேகிதிங்க பேரையுமா?"

"அதைத்தான் முதல்ல."

இப்போது பத்திரிகைகளில் அவரைக் கருணைத் தாய் என்று எழுதுகிறார்கள். சின்ன வயதிலேயே ஏழைகளைக் கண்டு கண்ணீர் விட்டாராம். படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கண்ணீர் எல்லோருக்கும்தான் வந்தது, லில்லிப் பூவும் சூப்பும் கூட. அந்த மாடியறையில் அவருக்கு வந்தது கோபம். இருபது வருடம் அது ஆறாமல் பார்த்துக்கொண்டார். பதினோரு கடைகளின் உரோம அறைகளைத் தானே நின்று திறக்கவைத்தார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

அன்றைக்கு வாசலில் கேட்டார்: "என்னை மன்னிச்சிட்டியா, டாரன்ட்?"

"இல்லைம்மா."

"சரி" என்றார். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வர முடியுமா?"

அப்போதுதான் பார்த்தேன். போட்டிருந்தது பழைய சாம்பல் நிற உடை, நான் எத்தனையோ முறை மாட்டிவிட்டது. கொக்கிகளையெல்லாம் பிரித்து முன்பக்கம் வைத்துத் தைத்திருந்தார், அவரே. தையல் கோணல்மாணலாக இருந்தது. ஒரு கொக்கி கழன்று தொங்கியது.

"அது நிக்காது" என்றேன். "உள்ள வாங்க. ஊசி தர்றேன். எப்படிக் குத்தணும்னு சொல்றேன், நீங்களே தைங்க."